டூலா ஆகலாமா, வேண்டாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மாடித்துளசி (கோவை):
வணக்கம் தோழிகளே. வயது 36. ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தேன், மகள் பிறந்த பிறகு விட்டாச்சு. அவள் இப்போது இரண்டாம் வகுப்பு. மறுபடி ஆபீஸ் வேலைக்குப் போக மனசு வரவில்லை. கொஞ்ச நாளாக டூலா பயிற்சி பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கைக்கு வலி வந்தபோது கூடவே இருந்தவள் நான்தான். இடுப்பை அழுத்திவிடுவது, தண்ணீர் கொடுப்பது, பயந்தால் பேச்சுக் கொடுப்பது எல்லாம் எனக்குத் தானாக வந்தது. "அக்கா இல்லன்னா என்ன ஆயிருப்பேனோ" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனால் தங்கைக்குச் செய்வதும் முன்பின் தெரியாதவர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு செய்வதும் ஒன்றா?

கணவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோன் வந்தா பாப்பாவை யாரு பாத்துக்கறது, அதை மட்டும் சொல்லு" என்கிறார். அத்தை மட்டும், "படிச்ச புள்ள, பிரசவம் பாக்கற வேலைக்கா போற?" என்று கேட்டுவிட்டுச் சாமி அறைக்குப் போய்விட்டார். இதில் வருமானம் வருமா, ஆஸ்பத்திரியில் உள்ளே விடுவார்களா, சர்டிஃபிகேட் கட்டாயமா? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நல்லது.

குமரன்77:
டூலா என்றால் நர்ஸா? தப்பா நினைக்காதீங்க, இப்பதான் கேள்விப்படறேன்.

வேப்பம்பூ:
நர்ஸ் இல்லை, மருத்துவச்சியும் இல்லை சகோ. ஊசி போடமாட்டார், பிபி பார்க்கமாட்டார், கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கைவிட்டுப் பார்க்கமாட்டார், குழந்தையை எடுக்கமாட்டார். வலி தொடங்கியதிலிருந்து பிறந்து பால் குடிக்கும்வரை அம்மாவின் பக்கத்திலேயே இருப்பார். அவ்வளவுதான் வேலை.

கடலோரக்காற்று (சென்னை):
துளசி, நான் சென்னையில் சில வருஷமாக இதைச் செய்கிறேன். கணக்குப் பிரிவில் இருந்தவர் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

டாக்டர் கொடுக்கும் தேதியில் சரியாகப் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு 5 இருந்தால் அதிகம். அதனால் ஒருவரை ஒப்புக்கொண்டால் 38வது வாரத்திலிருந்து பிறக்கும்வரை நீங்கள் அவருடைய ஆள். ஊருக்குப் போக முடியாது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தாலும் வண்டிச்சாவி இடுப்பில் இருக்க வேண்டும். மாதத்துக்கு இரண்டு பேருக்கு மேல் நான் எடுப்பதில்லை, ஏனென்றால் இரண்டு பேருக்கும் ஒரே ராத்திரி வலி வரும் ஆபத்து எப்போதும் உண்டு. அதற்காகவே இன்னொரு டூலாவைப் பதிலுக்கு வைத்திருக்க வேண்டும், அவரை அந்த அம்மாவுக்கு முன்கூட்டியே அறிமுகப்படுத்தவும் வேண்டும். பணத்தைப் பொறுத்தவரை பாதியை ஒப்புக்கொள்ளும்போதும் மீதியை 36வது வாரத்திலும் வாங்கிவிடுங்கள். பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பச்சை உடம்புக்காரியிடம் கேட்க வாய் வராது. முதல் வருஷம் பயிற்சிக்குக் கட்டிய பணம் திரும்பினாலே பெரிசு. வீட்டுச் செலவுக்கு இந்த வருமானத்தை நம்பித்தான் ஆக வேண்டும் என்றால் இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

சர்டிஃபிகேட் விஷயம்: நம் நாட்டில் டூலாவுக்கு என்று சட்டமோ பதிவேடோ கிடையாது. நர்ஸிங் கவுன்சிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவில் 1992ல் தொடங்கிய டோனா மாதிரி அமைப்புகள் தரும் சான்றிதழ்களைத்தான் பலரும் வாங்குகிறார்கள். சான்றிதழ் இல்லாமலும் செய்யலாம், யாரும் தடுக்க முடியாது. இதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வார இறுதியில் ஒரு ஆன்லைன் வகுப்பு முடித்தவரும் நானும் ஒரே பெயர்ப்பலகை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் அதற்கு அர்த்தம்.

உள்ளே விடுவது முழுக்க அந்த டாக்டரையும் ஆஸ்பத்திரியையும் பொறுத்தது. பல இடங்களில் லேபர் ரூமுக்குள் ஒருத்தர்தான். கணவரா நீங்களா என்றால் கணவர்தான் போக வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்போது நம் வேலை வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில். கணவருக்கு வாட்ஸ்அப்பில் "இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லுங்க, ரெண்டு காலுக்கும் நடுவுல தலகாணி வைங்க" என்று அனுப்பிக்கொண்டே விடியும்.

விட்டுவிட்டால்? பையில் வெந்நீர்ப் பை, ஸ்ட்ரா, உதட்டுக்குத் தடவ ஏதாவது, கூந்தலைத் தூக்கிக் கட்ட ரப்பர் பேண்ட், எனக்கு ஒரு ஃபிளாஸ்க் சுக்குமல்லிக் காபி. வலி ஏறும்போது இரண்டு உள்ளங்கைகளையும் அவள் இடுப்பெலும்பின் இரண்டு பக்கமும் வைத்து உள்நோக்கி அழுத்த வேண்டும், இறங்கும்போது மெதுவாக விட வேண்டும். மூன்று நான்கு நிமிஷத்துக்கு ஒரு தடவை, பல மணி நேரம். மறுநாள் எனக்குக் கையில் பூரிக்கட்டை நிற்காது. கருப்பை வாய் ஏழு எட்டு சென்டி திறக்கும்போது பெரும்பாலானவர்களுக்குக் கால் நடுங்கும், வாந்தி வரும், "என்னால முடியாது, ஆபரேஷன் பண்ணிடச் சொல்லுங்க" என்பார்கள். அந்த நேரத்தில் முகத்தைப் பார்த்து மூச்சை மட்டும் சேர்ந்து விடுவது, வேறு எதுவும் பேசாமல் இருப்பது. எனக்குக் கற்றுக்கொள்ள அதிக நாள் பிடித்தது அந்தப் பேசாமல் இருப்பதுதான். தங்கையிடம் பேச்சுக் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

குமரன்77:
இதையெல்லாம் படித்த பிறகு என் மனைவிக்குப் பிரசவம் ஆனபோது நான் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்ததை யாரிடமும் சொல்லப் போவதில்லை.

ஓய்வுபெற்ற சிஸ்டர் (விழுப்புரம் பக்கம்):
கண்ணு, நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் (பி.ஹெச்.சி.) ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். நம்ம மாநிலத்தில் அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத்தின்போது துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விடும் திட்டம் 2004லேயே வந்தது. மத்திய அரசு 2016ல்தான் நாடு முழுக்கச் சொன்னது. அதற்கு விதிமுறை உண்டு. சொந்தக்காரப் பெண்ணாக, தானும் பிள்ளை பெற்றவளாக இருக்க வேண்டும். தொற்று நோய் எதுவும் இருக்கக் கூடாது. சுத்தமான துணி உடுத்தியிருக்க வேண்டும், பக்கத்துக் கட்டில்காரியிடம் போகக் கூடாது, எங்கள் வேலையில் குறுக்கே வரக் கூடாது. காசு வாங்குகிற வெளியாளுக்கு அங்கே இடமில்லை. ஆக உன் வேலை பிரைவேட்டில், வசதி உள்ளவர்களிடம்தான். அதைத் தெரிந்துகொண்டே இறங்கு.

துணை வேண்டுமா என்றால் கட்டாயம் வேண்டும். எங்கள் பி.ஹெச்.சி.யில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ், ஷிஃப்டுக்கு ஒருத்தி. ராத்திரியில் ஒருத்தி முக்கிக்கொண்டிருப்பாள், ஒருத்திக்கு அப்போதுதான் பனிக்குடம் உடைந்திருக்கும், இன்னொருத்திக்குப் பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, ரத்தப்போக்கு பார்க்க வேண்டும். தலையைத் தடவிக்கொடுக்க எனக்கும் ஆசைதான், கைக்கு எங்கே போவேன்? பொறுமையான மாமியாரோ சித்தியோ கூட வந்த பெண்கள் கத்துவதும் குறைவு, சொன்னதைக் கேட்பதும் அதிகம். இது என் கண்ணால் பார்த்தது. ஆனால் சூட்டு வலிக்கும் நிஜ வலிக்கும் வித்தியாசம் தெரியாத துணையால் எனக்கு ஒரு பேஷன்ட் கூடியதும் உண்டு.

உள்ளே போனால் ட்யூட்டி சிஸ்டரிடம் முதலில் பெயரைக் கேள். "எதுக்கு டிரிப் போடறீங்க" என்று அவள் முன்னால் நீ கேட்டால் அன்றோடு அந்த ஆஸ்பத்திரிக் கதவு உனக்குச் சாத்திவிட்டது என்று வைத்துக்கொள். பேஷன்ட் கேட்கட்டும். கேட்க உரிமை அவளுக்கு உண்டு, கேட்கலாம் என்று அவளுக்கு முன்பே சொல்லிவைப்பது உன் வேலை.

நாற்பதாம் வாரம் (மகப்பேறு மருத்துவர், மதுரை):
சிஸ்டர் சொன்னதில் கடைசிப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள்.

ஆதாரம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. 1980ல் குவாத்தமாலாவில் கிளாஸ், கென்னல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், தனியாக வலி தாங்கிய பெண்களுக்குச் சராசரியாக 19 மணி நேரம் பிடித்த பிரசவம், பக்கத்தில் ஒரு பெண் துணை இருந்தவர்களுக்கு 9 மணி நேரத்துக்குள் முடிந்தது. அந்தத் துணைப் பெண்கள் யாரும் நர்ஸ் இல்லை, அந்தத் தாய்மார்களுக்கு முன்பின் தெரிந்தவர்களும் இல்லை. ஆனால் அது சின்ன ஆய்வு, அந்த வார்டில் மற்ற பெண்களுக்கு யாருமே துணையில்லை, அதனால் இடைவெளி அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது. பிறகு பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து வந்த காக்ரேன் தொகுப்பு (2017) 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்தது. அதில் வித்தியாசம் மிதமானது, ஆனால் உறுதியானது. சுகப்பிரசவம் கொஞ்சம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, நேரம் சற்றுக் குறைகிறது, பிரசவத்தைப் பற்றிய கசப்பு குறைகிறது. சிசேரியன் விஷயத்தில் சொந்தக்காரர்களைவிட, ஆஸ்பத்திரி ஊழியராகவும் உறவாகவும் இல்லாத வெளித் துணை இருந்தபோதுதான் பலன் தெளிவாகத் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2018 வழிகாட்டுதலில் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் விரும்பும் துணை வேண்டும் என்கிறது.

இதை வைத்துக்கொண்டு "டூலா இருந்தால் சிசேரியன் ஆகாது" என்று போஸ்டர் போடாதீர்கள். தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8. அதில் நல்ல நாள் நல்ல நேரம் பார்த்து வருபவர்களும் இருக்கிறார்கள், ராத்திரி முழுக்கக் காத்திருக்க ஆள் இல்லாத எங்கள் ஏற்பாடும் இருக்கிறது, நிஜமான தேவையும் இருக்கிறது. இடுப்பை அழுத்திவிட்டு இதை எல்லாம் மாற்ற முடியாது.

இன்னொன்று. வீட்டுப் பிரசவத்துக்குத் துணை வர முடியுமா என்று கேட்பவர்கள் வருவார்கள். 2018ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே முயன்று ஒரு இளம் ஆசிரியை ரத்தப்போக்கில் இறந்துபோனது நினைவிருக்கும். அந்த மாதிரி அழைப்புக்கு "வரமாட்டேன், இப்பவே 108க்குக் கூப்பிடுங்க" என்பதைத் தவிர வேறு பதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

தூக்கமில்லாதவள் (பெங்களூரு):
நான் டூலா வைத்துப் பெற்றவள், அதனால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். யார், எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். பேறுகாலம் முழுக்க அன்பாக இருந்தார். அவர் எனக்கு அனுப்பிய வீடியோ எல்லாமே தண்ணீர்த் தொட்டியில் சிரித்துக்கொண்டே பெற்றவர்கள் வீடியோதான். எனக்கு வலி தொடங்கிப் பதினாறு மணி நேரம் ஆகியும் தலை இறங்கவில்லை. எபிடியூரல், அதாவது வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் ஊசி, கேட்டேன். "இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாமே" என்றார். மறுபடி கேட்டபோது அவர் முகம் போன போக்கு இருக்கே, வலியைவிட அதுதான் எனக்கு நினைவிருக்கிறது. கடைசியில் ஆபரேஷன். பிறகு பார்க்க வந்தவர், "நீங்க முடிஞ்சவரைக்கும் ட்ரை பண்ணீங்க" என்று ஆறுதல் சொன்னார். பரீட்சையில் ஃபெயில் ஆனவளிடம் சொல்வதுபோல.

துளசி, உங்கள் தங்கைக்கு எப்படிப் பிறந்தது என்று நீங்கள் எழுதவில்லை. கவனித்தேன். ஆபரேஷன் ஆகியிருந்தாலும் இந்த வேலைக்கு வர ஆசைப்பட்டிருப்பீர்களா?

மாடித்துளசி:
சுகப்பிரசவம்தான். உங்கள் கேள்விக்கு இப்போது பதில் இல்லை. யோசிக்கிறேன்.

கடலோரக்காற்று:
தூக்கமில்லாதவள் சொன்னது எங்கள் தொழிலில் நிஜமாகவே இருக்கும் வியாதி. எபிடியூரல் போட்டாச்சு என்றால் டூலாவுக்கு வேலை இல்லை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்போதுதான் வேலை வேறு மாதிரி. கால் மரத்திருக்கும், தானாகப் புரள முடியாது, அரை மணிக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், முக்கச் சொல்லும்போது எப்போது என்று அவளுக்குத் தெரியாது. சிசேரியன் ஆனால் தியேட்டரிலிருந்து வந்ததும் தையல் வலிக்காமல் எப்படிக் குழந்தையைக் கக்கத்தில் பிடித்துப் பால் கொடுப்பது என்று காட்ட வேண்டும். பயிற்சி தருபவரிடம் சேரும் முன், எபிடியூரல், சிசேரியன் பற்றி எத்தனை மணி நேரம் வகுப்பு எடுப்பீர்கள் என்று கேளுங்கள். "நம்ம நோக்கமே அது வராம பாத்துக்கறதுதான்" என்று பதில் வந்தால் பணத்தைக் கட்டாதீர்கள்.

மேலத்தெரு:
அந்த அத்தை கேட்ட கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள்.

எங்கள் அப்பாயி மருத்துவச்சி. ஊருக்கே பிரசவம் பார்த்தவர். எங்கள் சாதியில் ஆண்கள் முடிவெட்டுவது, பெண்கள் பிள்ளை எடுப்பது. நடுராத்திரி லாந்தர் எடுத்துக்கொண்டு வந்து கூப்பிடுவார்கள், போவார். விளக்கெண்ணெயும் பழைய துணியும் தவிரக் கையில் ஒன்றும் இருக்காது. தொப்புள்கொடி அறுத்து, நஞ்சுக்கொடி விழுந்ததும் கொண்டுபோய்ப் புதைத்து, தீட்டுத்துணி அலசிப்போட்டு, தாயையும் பிள்ளையையும் குளிப்பாட்டிவிட்டுப் பின்வாசல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். கூலி ஒரு மரக்கால் நெல், ஒரு பழஞ்சேலை. ஆண் பிள்ளை என்றால் கொஞ்சம் கூட. அவர் கையால் பிறந்தவர்கள் வளர்ந்து அவரைப் பெயர் சொல்லி "வாடி போடி" என்று கூப்பிட்டதை நானே கேட்டிருக்கிறேன்.

அத்தை சாமி அறைக்குப் போனது எனக்குப் புரிகிறது. அவர் மனசில் இருப்பது அந்தப் பின்வாசல். இப்போது அதே இடுப்பைப் பிடித்துவிடும் வேலைக்கு இங்கிலீஷில் பெயர் வைத்து, பேக்கேஜ் போட்டு, முன்பணம் வாங்க முடிகிறது. வாங்குங்கள், தப்பே இல்லை, எங்கள் அப்பாயிக்கும் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டியது. ஆனால் "மறந்துபோன பாரம்பரிய ஞானத்தை மீட்கிறோம்" என்று வெப்சைட்டில் எழுதும்போது அது யாரிடம் இருந்தது, அவர்களை எங்கே நிற்க வைத்தார்கள் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

வேப்பம்பூ:
🙏

நாற்பதாம் வாரம்:
மேலத்தெரு, ஒத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்தக் காலத்தில் ரத்தப்போக்கு, ஜன்னி என்று போன உயிர்களும் உண்டு, அதற்கு அவர்கள் கையில் மருந்தே இல்லை. மரியாதை தராததும் நாம்தான், பயிற்சி தராததும் நாம்தான்.

பனிக்காலம் (ஸ்கார்பரோ, கனடா):
நான் யாழ்ப்பாணம், இங்கே டூலாவாக இருக்கிறேன். ஒன்டாரியோவில் மிட்வைஃபுக்கு, அதாவது மருத்துவச்சிக்கு, 1994 முதல் சட்ட அங்கீகாரம் உண்டு, அவர்கள் சம்பளத்தை அரசாங்கமே கொடுக்கிறது. டூலாவுக்கு அப்படி இல்லை, குடும்பம்தான் கையிலிருந்து கொடுக்க வேண்டும். அப்படியிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் என்னைக் கூப்பிடுவதற்குக் காரணம் வேறு. அம்மாவுக்கு விசா கிடைத்திருக்காது, அல்லது பிள்ளை பிறந்த பிறகுதான் வந்து சேருவார். தாய்வீட்டுக்குப் போக வழியில்லாத பிள்ளைகள். லேபர் ரூமில் எல்லாம் நன்றாகவே நடக்கும், வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் மார்பு கட்டிக்கொண்டு, பிள்ளை அழுது, தாயும் அழுது, கணவர் வேலைக்குப் போய்விட்டிருப்பார். நான் போய்ப் பிள்ளை பெற்றவளுக்கான சரக்குத்தூள் போட்டுக் கறி வைத்து, அவளைக் குளிக்க அனுப்பிவிட்டுப் பிள்ளையை வைத்திருப்பேன். என் வருமானத்தில் பெரும்பங்கு இந்தப் பிறந்த பிறகான வேலையில்தான் வருகிறது.

துளசி, சின்னப் பிள்ளை இருக்கிற உங்களுக்கு இதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். காலை ஒன்பதிலிருந்து மதியம் வரை, மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம். இரண்டு மணி ஃபோன் கிடையாது. கோவையில் தாய்வீடு இல்லாத ஐ.டி. குடும்பங்கள் இருக்குமே?

மாடித்துளசி:
இருக்கிறார்கள் அக்கா, எங்கள் அபார்ட்மென்ட்டிலேயே இருக்கிறார்கள். வேறு மாநிலத்திலிருந்து வந்து, கை உதவிக்கு ஒருத்தரும் இல்லாமல்.

எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். கணவரிடம் இந்த இழை முழுக்கப் படித்துக் காட்டினேன். இரண்டு மணி ஃபோனுக்கு இன்னும் எங்களிடம் பதில் இல்லை. அம்மா திருப்பூரில், அத்தைக்கு முட்டி வலி. அதனால் பிரசவத் துணை இப்போதைக்கு இல்லை. பிறந்த பிறகான வேலையும் தாய்ப்பால் பயிற்சியும் முதலில். மாதம் ஒருத்தர் என்று பிரசவத்துக்குப் போவதை மகள் கொஞ்சம் வளர்ந்ததும் பார்க்கலாம்.

தூக்கமில்லாதவள், உங்கள் கேள்வி இரண்டு நாளாக விடவில்லை. தங்கைக்கு ஆபரேஷன் ஆகியிருந்தால் இந்த ஆசை எனக்கு வந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. பயிற்சிக்குப் போகும் முன் சிசேரியன் ஆன பெண்களோடு சில காலம் இருந்து பார்க்க வேண்டும். மூன்றாவது மாடியில் ஒருவருக்கு அடுத்த வாரம் ஆபரேஷன் தேதி கொடுத்திருக்கிறார்கள். காசு வேண்டாம், காலையில் வந்து இரண்டு மணி நேரம் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன், சரி என்றார்.

மேலத்தெரு, அத்தையிடம் நேரடியாகவே கேட்டேன். அவர் பிறந்தபோது பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் பெயர் இன்னும் அவருக்குத் தெரிகிறது. மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

தூக்கமில்லாதவள்:
அந்தப் பெண்ணிடம் "நார்மலுக்கு ட்ரை பண்ணலையா" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் கேட்பார்கள்.

கடலோரக்காற்று:
காசு வேண்டாம் என்பது இந்த ஒரு தடவையோடு சரி. அடுத்தவரிடம் கட்டணத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:
நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு போ. வளையலையும் மோதிரத்தையும் வீட்டிலேயே கழற்றி வை. உள்ளே நுழைந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கை கழுவு, அப்புறம்தான் குழந்தை. தையல் போட்ட இடம் சிவந்திருந்தாலோ, ஈரம் கசிந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ மஞ்சள் எண்ணெய் என்று எதையும் தடவாமல் டாக்டருக்கு ஃபோன் போடச் சொல்.